வினாகிரி ஊற்றிய பின் கிளறக்கூடாது

பிலிப்பைன்ஸில் எங்கள் தெருவில் யாராவது வெளிநாடு போகிறார்கள் என்று தெரிந்தால், அண்டை வீட்டார் ஆளுக்கொரு பையைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். காய்ந்த மாம்பழம், சோப்பு, யாரோ ஒரு பிள்ளைக்குச் சட்டை. மதுரையில் தம்பி வீட்டுப் பால்காய்ச்சுக்குப் போகிறேன் என்று நான் சொன்னதும் பக்கத்து வீட்டு அலிங் பாசிங் வந்து நின்றார். அலிங் என்பது அங்கே மூத்த பெண்களுக்கு வைக்கும் மரியாதை. அவர் கையில் பை எதுவும் இல்லை. “மதுரையிலிருந்து பாறசாலை எவ்வளவு தூரம்?” என்று மட்டும் கேட்டார்.

அவருடைய மகள் மெர்லி, கேரள எல்லையில் பாறசாலைக்குப் பக்கத்தில் தனுவச்சபுரத்தில் மருமகளாக இருக்கிறாள். பஹ்ரைனில் வேலை பார்த்தபோது ஸ்டீபனைப் பார்த்து, பிடித்துப்போய், கட்டிக்கொண்டு அவன் ஊரோடு போனவள். அதற்குப் பிறகு சொந்த ஊருக்கு வரவே இல்லை. அப்பா இறந்தபோதும் வர முடியவில்லை. ஸ்டீபன் இன்னும் பஹ்ரைனில்தான் இருக்கிறான். அவன் அனுப்புவது வீட்டுக்குப் போதும், விமானத்துக்குப் போதாது. அலிங் பாசிங்குக்கோ மூட்டுவலி, தெருமுனை மாதா கோயிலுக்கே ஜீப்னி வண்டியில்தான் போவார்.

இந்த நேரத்தில்தான் மணிலாத் தொலைக்காட்சியில் அந்தப் போட்டி வந்தது. ஓட்டல்காரர்களுக்கு இடமில்லை, வீட்டில் சமைப்பவர்கள் மட்டும். அந்த வருஷம் புதிதாக ஒரு சுற்று சேர்த்திருந்தார்கள். வெளிநாட்டில் வாழும் பிலிப்பைன்ஸ்காரர்கள், இருக்கிற இடத்தில் கிடைக்கிற பொருளை வைத்து நம்மூர்ச் சமையல் ஒன்றைச் செய்து வீடியோ கேசட்டில் அனுப்ப வேண்டும். தேர்வானால் விமான டிக்கெட் அவர்கள் பொறுப்பு. நிபந்தனை இரண்டு. தொடக்கத்திலிருந்து முடிவு வரை வெட்டு ஒட்டு இருக்கக்கூடாது. வேறு யாருடைய கையும் சட்டிக்குள் போகக்கூடாது.

“நீ போய் நின்று எடுத்து வா. தபாலில் வந்தால் எனக்கு நம்பிக்கை இல்லை” என்றார் அலிங் பாசிங். நான் எதற்கும் சட்டென்று சரி சொல்லாதவள். ஆனால் அன்றைக்குச் சொன்னேன். சொன்ன பிறகு பின்வாங்குவது என் பிறப்பில் கிடையாது.

பாறசாலையில் இறங்கியபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. மதுரையில் மழைக்கு ஊரே வெளியே வந்து வேடிக்கை பார்க்கும். இங்கே யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, குடையை விரித்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார்கள். தனுவச்சபுரம் பஸ்ஸில் கல்லூரிப் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை, தார்ப்பாய்தான். ஒரு பெண் அதை இறக்கிவிட்டதும் உள்ளே இருட்டிவிட்டது, நான் எந்த ஊரைக் கடக்கிறேன் என்று தெரியவில்லை. மணிலா ஜீப்னியிலும் இதே தார்ப்பாய், இதே இருட்டு. அங்கே கூரையைத் தட்டினால் வண்டி நிற்கும். பழக்கத்தில் இங்கேயும் தட்டிவிட்டேன். கண்டக்டர் என்னைப் பார்த்த பார்வையை மறப்பதற்கில்லை. “பெல்லு உண்டு சேச்சி, பஸ்ஸப் பொளிக்கண்டாம்” என்றார், பஸ்ஸை உடைக்க வேண்டாமாம். அதற்குள் என் நிறுத்தம் தாண்டிவிட்டிருந்தது. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நனைந்தபடி திரும்பி நடந்தேன்.

மெர்லியின் மாமியார் ரோசம்மாள்தான் வாசலுக்கு வந்தார். “வாங்க மக்களே. நல்லா நனஞ்சாச்சு. தலையத் தொவட்டுங்க மொதல்ல. கப்பையும் மீனும் உண்டு, தின்னுட்டுப் பேசலாம்.” பெரிய உருவம், அதைவிடப் பெரிய குரல், ஒரு நிமிஷம் சும்மா இராத கைகள். பேசிக்கொண்டே என் பெட்டியை வாங்கி, என் புடவைத் தலைப்பைப் பிழிந்து, ஒரு கோழியை விரட்டி, என் முன்னால் தட்டை வைத்தார்.

மரவள்ளிக்கிழங்கை நாங்கள் அங்கே தேங்காய்ப்பால் விட்டு இனிப்பாகச் செய்வோம். இங்கே வேகவைத்து உடைத்து, சிவக்கச் சிவக்க மீன்குழம்போடு தருகிறார்கள். முதல் வாயிலேயே கண்ணில் நீர் வந்தது. இரண்டாவது தடவை நானே கேட்டு வாங்கினேன்.

மெர்லி என்னிடம் முதலில் அவர்கள் ஊர்த் தகாலோக் மொழியில்தான் பேச ஆரம்பித்தாள். பாதியில் திணறி, ஊர்ப் பேச்சுக்கு மாறிவிட்டாள். “அம்மைக்கு முட்டு வேதனை எப்படி உண்டு சேச்சி?” சின்ன உருவம், நைட்டிக்கு மேல் தோர்த்துத் துண்டு, நெற்றியில் குட்டியாகச் சிலுவை வரைந்ததுபோல ஒரு பழைய தழும்பு. இருக்கிற மாதிரியே இருக்கிறது என்றேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய் ஒரு குப்பியைக் கொண்டுவந்து மூடியைத் திறந்து என் மூக்கருகே நீட்டினாள்.

எங்கள் தெரு அப்படியே மணத்தது. தென்னங்கள்ளைப் புளிக்கவிட்டு எடுத்த காடி. இங்கே வினாகிரி என்கிறார்கள். அலிங் பாசிங் வீட்டுச் சமையலறையில் மண்ஜாடியில் இருப்பதும் இதுவேதான். கடையில் வாங்குவது ஆகாது என்று, இவள் பக்கத்துக் கள்ளுஷாப்பில் கள் வாங்கி, மாதக்கணக்கில் மூடிவைத்துத் தானே எடுத்திருக்கிறாள்.

“அடோபோ செய்யப்போறேன். சோயா சாஸ் கெடையாது. பழைய காலத்து வெள்ளை அடோபோ. நாட்டுக்கோழி, வெள்ளைப்பூண்டு, நல்லமிளகு, கறுவா இலை, இந்த வினாகிரி. கடைசியில தேங்காப்பால். எல்லாம் இஞ்ச உள்ளதாக்கும்” என்றாள். அப்புறம் மாமியாரைப் பார்த்து, “அம்மா, வினாகிரி ஊத்தினா கொதி வாறது வரைக்கும் இளக்கண்டாம். ஓர்மை வச்சுக்கிடணும்” என்றாள்.

கிளறினால் காடியின் பச்சை வாசனை கறியிலேயே தங்கிவிடும். அலிங் பாசிங் வீட்டில் இதைக் குழந்தைகள்கூட அறியும். ஊற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ரோசம்மாள், “எனக்கு வெவரம் தெரியும் மக்கா” என்றார்.

மறுநாள் வீடியோக்காரர் விஜயன் வந்தார். பாறசாலையில் ஸ்டுடியோ, சுற்றுவட்டாரக் கல்யாணமெல்லாம் அவர்தான். முதலில் வாசல் கேட்டை எடுத்தார். பிறகு சுவரிலிருந்த இயேசு படம். பிறகு வீட்டிலிருந்த எல்லோரையும், வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப்பார்த்தவர்களையும்கூட, வரிசையாக நிறுத்தி எடுத்தார். சமையலை எடுங்கள் என்றேன்.

“எத்தன கல்யாணம் எடுத்திருக்கேன் சேச்சி. ஒரு மூஞ்சி விட்டுப்போச்சுன்னா கேசட்ட நம்ம மூஞ்சில எறிஞ்சிருவாவ.”

“இது கல்யாணம் இல்லை.”

“ஆளு கூடியாச்சில்லா. பின்னே என்னது?”

கேசட்டைப் பின்னால் ஓட்டி, சட்டியிலிருந்து தொடங்கச் சொன்னேன். முனகிக்கொண்டே செய்தார். மெர்லி சேலை கட்டிக்கொண்டு வந்து அடுப்பு முன் நின்றாள். பூண்டை நசுக்கினாள், கோழியை வதக்கினாள், மிளகும் இலையும் போட்டாள், வினாகிரியை ஊற்றினாள். இரண்டடி பின்வாங்கிக் கைகளைக் கட்டிக்கொண்டாள். எங்களோடு நின்றுகொண்டிருந்த ரோசம்மாள் எப்போது நகர்ந்தார் என்று நான் கவனிக்கவில்லை. கேமராவின் வெளிச்சத்துக்குள் தடித்த ஒரு கை, வளையலோடு, அகப்பையோடு நுழைந்து, சட்டியை மூன்று சுற்றுக் கிளறிவிட்டு வெளியேறியது.

மெர்லி அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ரோசம்மாள் அகப்பையைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார். “அடியில பிடிக்கும்னு தோணிச்சு மக்கா. நான் நினைக்கல்ல. கை தன்னால போயிட்டு.”

எனக்குக் கோபம் வந்தது, மறைப்பானேன். ஆனால் நினைத்துப் பார்த்தால் அந்த அம்மாளைக் குற்றம் சொல்வதும் சரியில்லை. இந்தப் பக்கத்தில் எந்த வீட்டு அடுக்களைக்குள் எந்தப் பெண் நுழைந்தாலும், அடுப்பில் இருப்பதை ஒரு கிளறு கிளறிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறாள். அன்றைக்குக் காலையிலேயே பக்கத்து வீட்டுப் பெண் தீப்பெட்டி கேட்டு வந்தவள், எங்கள் பயறைக் கிளறிவிட்டுப் போனாள். சும்மா நிற்பதுதான் இங்கே மரியாதைக் குறைவு.

மதியம் அந்த அடோபோவையே சாப்பிட்டோம். விஜயன் மூன்று முறை சோறு வாங்கினார். “கொள்ளாமே, இதுல என்ன கொறை?” என்றார். மெர்லி சாப்பிடவில்லை. கிணற்றடிக்குப் போய்த் துணி துவைத்தாள். நான் போனபோது, “அப்பா செத்தப்போ தந்தி வந்தது. படிச்சுட்டு இந்தக் கல்லுலதான் துணி துவச்சேன். வேற எஞ்ச போறது? அம்மையும் போறதுக்கு முன்னால ஒருதடவ அவங்க மூஞ்சியப் பாக்கணும் சேச்சி. அவ்வளவுதான்” என்றாள். துணியை உதறிக் கொடியில் போட்டாள். “நாளைக்கு வேற கோழி வாங்கணும்.”

வாங்கினோம். நெய்யாற்றின்கரைச் சந்தைக்கு இருவரும் போனோம். கோழிக்காரர் மலையாளத்தில் பேச, அவள் மலையாளத்திலேயே அவரை மடக்கி, இடையில் என்னிடம் தமிழில், “இது கெழடு, வேகாது” என்று சொன்னாள். அதையும் அவர் புரிந்துகொண்டு தமிழிலேயே சண்டைக்கு வந்தார். கடைசியில் நல்ல கோழியாகவே கிடைத்தது. திரும்பும்போது பஸ்ஸில் அது என் மடியில் உட்கார்ந்திருந்தது. மணிலாப் பக்கம் சேவலோடு பஸ்ஸில் போகிறவர்களைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். இனி சிரிக்கமாட்டேன்.

அன்றைக்கு ரோசம்மாள் தானாகவே கோயிலுக்குப் போய்விட்டார். விஜயனும் சட்டியை விட்டுக் கேமராவைத் திருப்பவில்லை. மெர்லி வினாகிரியை ஊற்றிப் பின்வாங்கினாள். அப்போது பார்த்து எங்கோ ஒரு தென்னை மட்டை கம்பியில் விழுந்தது போலிருக்கிறது, கரண்டு போனது. விளக்கு அணைந்தது, கேமராவும் அணைந்தது. மழை இருட்டில் சட்டி மட்டும் எங்களைப் பொருட்படுத்தாமல் கொதித்தது.

“பேட்டரி?” என்றேன்.

“நேத்து ஒரு ஞானஸ்நானத்துல தீந்துபோச்சு” என்றார் விஜயன்.

கரண்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. மழைக்காலத்தில் இப்படித்தான், வந்தால் வரும் என்றார்கள். எனக்கு ரயிலுக்கு இருந்தது மறுநாள் ஒருநாள்தான். கோயிலிலிருந்து வந்த ரோசம்மாள் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் குடையை மடக்கினார். “பனச்சமூட்டுல எனக்க தங்கச்சி வீடு ரோட்டுக்கு அந்தப் பக்கமாக்கும். தமிழ்நாட்டு லைனு. இஞ்ச இருட்டுன்னா அஞ்ச வெளிச்சம் இருக்கும். ஜீப்புப் பிடி விஜயா.”

மறுநாள் காலை ஜீப்பில் மெர்லி, நான், விஜயன், கேமரா, விளக்கு, மண்சட்டி, மூன்றாவது கோழி. முன்சீட்டில் ரோசம்மாள் ஏறி உட்கார்ந்திருந்தார். நான் தயங்கினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. “நான் வரல்லேன்னா எனக்க தங்கச்சி இளக்கிடுவா. அவ என்னவிட மோசம். அவளப் பிடிக்க நான் வேணும்” என்றார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

வினாகிரிக் குப்பி மெர்லியின் மடியில் இருந்தது. இரண்டு முறை செய்ததில் மற்றக் குப்பிகள் தீர்ந்து, அது ஒன்றுதான் மிச்சம்.

பனச்சமூட்டில் ஒரு பக்கக் கடைகளில் மலையாளப் பலகை, எதிர்ப்பக்கம் தமிழ்ப் பலகை. நடுவில் பஸ்கள் இரண்டு மாநிலத்துக்கும் சேர்த்து ஹாரன் அடித்தன. கேரளத்துப் பக்கம் கள்ளுஷாப்பு பகலில் திறந்திருக்கும், தமிழ்நாட்டுப் பக்கம் கள்ளுக்குத் தடை. இது எங்கள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. முச்சந்தியைத் தாண்டியதும் ஒரு போலீஸ்காரர் ஜீப்பை நிறுத்தி உள்ளே தலையை நீட்டினார். மூக்கு சுருங்கியது.

“பாட்டில்ல என்ன?”

“வினாகிரி சார்” என்றாள் மெர்லி.

“கள்ளு வாசம் வருது.”

“கள்ளுலேருந்து வந்ததாக்கும். பின்னே பிச்சிப்பூ மாதிரியா மணக்கும்?” என்றார் ரோசம்மாள் முன்சீட்டிலிருந்து. நான் அவர் தோளை அழுத்தினேன்.

போலீஸ்காரர் இந்த வட்டாரத்து ஆளில்லை, பேச்சில் தெரிந்தது. கீழே ஊற்றிவிட்டுப் போங்கள் என்றார். மெர்லி குப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். அவர் முன்னால் நின்று நிதானமாகச் சொன்னாள். “சார், இது குடிக்கிற சாதனம் இல்ல. இத வச்சு நான் ஒரு கறி வைக்கணும். அது நல்லா வந்தா எனக்க அம்மையப் பாப்பேன். ஊத்தச் சொல்லாதீங்க. வேணும்னா குடிச்சுப் பாருங்க.”

அவர் அவளுடைய முகத்தையும் சேலையையும் மாறி மாறிப் பார்த்தார். எந்த ஊர் என்று கணக்குப் போட்டுப் பார்த்துத் தோற்றது தெரிந்தது. பிறகு குப்பியை வாங்கி அண்ணாந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டார். அவசரப்பட்டுவிட்டார், ஒரு சொட்டே போதும். முகம் எலுமிச்சங்காயைக் கடித்த பிள்ளையின் முகம்போலக் கோணியது. ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்து, மூடியைத் தானே இறுக்கி மூடிக் கொடுத்தார். “போங்கம்மா. நல்லா வைங்க” என்றார்.

தங்கச்சி வீட்டில் கரண்டு இருந்தது. பின்பக்கச் சாய்ப்பில் அடுப்பை மூட்டினோம். தங்கச்சி உருவத்திலும் குரலிலும் அக்காவின் நகல், கைகளிலும்தான். வந்தவர்களுக்குத் தேநீர் போட்டுக்கொண்டே எங்கள் சட்டியை இரண்டு தடவை இடம் மாற்றி வைத்தார். மெர்லி சிலுவை போட்டுக்கொண்டு தொடங்கினாள். பூண்டு, கோழி, மிளகு, கறுவா இலை. வினாகிரிக் குப்பியை முழுவதும் கவிழ்த்தாள். இனி இன்னொரு முறை இல்லை.

பின்வாங்கிக் கையைக் கட்டினாள். ரோசம்மாள் தங்கச்சியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தங்கச்சி, “விடு, ஓடமாட்டேன்” என்று முணுமுணுத்தார். சட்டியில் ஓரமாகக் குமிழ் விட்டது. கொதி இல்லை, வெறும் குமிழ். அடுப்பில் விறகு ஒன்று சரிந்து, சட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. மெர்லி பாய்ந்து, துணிகூட எடுக்காமல் வெறுங்கையால் சட்டியைப் பிடித்து நிமிர்த்தினாள். நான் நின்ற இடத்திலிருந்து அவள் விரல் சிவப்பது தெரிந்தது. யாரும் அசையவில்லை. ரோசம்மாளின் உடம்பு மட்டும் முன்னால் ஆடியது. தங்கச்சியை விட்டுவிட்டு என் கையைத் தேடி எடுத்து, எலும்பு நோகப் பிடித்தார். “மக்களே, எனக்க கையப் பிடிச்சுக்க. விட்டிராதே” என்றார் அடிக்குரலில். தங்கச்சி தன் கைகளைத் தானே முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கொதி வந்தது. மெர்லி அகப்பையை எடுத்தாள்.

தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கும் வரை நாங்கள் அப்படியேதான் நின்றோம். கேமராவை அணைத்ததும் ரோசம்மாள் ஒரே எட்டில் போய் மருமகளின் விரலைப் பிடித்துத் தண்ணீர்ப் பானைக்குள் முக்கினார். “சனியனே, துணி எடுக்கக்கூடாதா?” என்று திட்டினார். திட்டும்போது அழுதார். அவள் போய்விட்டால் திரும்பி வருவாளா என்று அந்த அம்மாளுக்கு ஒரு பயமும் இருந்திருக்கும். ஆனாலும் கேசட்டைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, அதன்மேல் தன் தோர்த்தைச் சுற்றி என்னிடம் கொடுத்தது அவர்தான்.

மணிலாவில் தொலைக்காட்சி நிலைய வரவேற்பறையில் ஒரு பெண், கேசட்டை மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னாள். மேசையில் ஏற்கெனவே ஒரு குன்று இருந்தது. யாராவது பார்க்கிற வரை இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன். கொண்டுபோன சோற்றைத் தின்றேன், அவளுக்கும் கொடுத்தேன். சாயங்காலம் அவளே எழுந்து உள்ளே கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்க வைத்தாள். உள்ளே யாரோ கத்தியது வெளியே கேட்டது, சட்டியை வெறுங்கையால் பிடித்த இடமாக இருக்க வேண்டும்.

மெர்லி தேர்வானாள். இறுதிச் சுற்றில் அவளுக்குப் பரிசு கிடைக்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அரேபியாவில் லாரி ஓட்டும் ஒருவர் பேரீச்சம்பழம் போட்டு ஏதோ செய்து வாங்கிக்கொண்டு போனார்.

போட்டியாளர்களை நிகழ்ச்சி முடியும் வரை வீட்டாரோடு பேச விடமாட்டார்கள். விமான நிலையத்திலிருந்து நேரே உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். அதனால் அலிங் பாசிங் தன் மகளை முதன்முதலில் பார்த்தது பார்வையாளர் வரிசையிலிருந்துதான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பளீரென்ற விளக்குகளுக்குக் கீழே, ரோசம்மாள் எடுத்துக்கொடுத்த நீலச் சேலையில், விரலில் இன்னும் தழும்போடு மெர்லி வந்து நின்றாள். எங்கள் பக்கம் பார்க்கக்கூடாது என்று சொல்லியிருப்பார்கள். பார்க்கவில்லை.

பூண்டு, கோழி, மிளகு, இலை. வினாகிரி ஊற்றினாள். இரண்டடி பின்வாங்கிக் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

அலிங் பாசிங் என் பக்கம் திரும்பாமலே இரண்டு கைகளையும் என் மடியில் வைத்தார். “பிடித்துக்கொள். விட்டால் ஓடிவிடுவேன்” என்றார். பிடித்தேன். எனக்குத் தெரிந்த பிடிதான், எலும்பு நோகும் பிடி.

கொதி வருவதற்கு நெடுநேரம் ஆனது.